‘அந்த ஏரியாவா?’ என்று கேட்பவர்களுக்கு



இது நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படிக்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் தலையாட்டுவீர்கள்.

நான்கு நாளாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பஞ்சாயத்து. என் தங்கை மகள் தண்டையார்பேட்டையில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறாள். அவளுக்கு உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு அலுவலகத்தில் வேலை. மாப்பிள்ளைக்கு சென்ட்ரல் பக்கம். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. வீடு மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. வாடகை 12,000. இதே அளவு வீட்டுக்குப் புரசைவாக்கத்தில் 20,000 கேட்டார்களாம். வீட்டுப் படத்தைக் குழுவில் போட்டதுதான் தாமதம், வந்து விழுந்தன பதில்கள்.

“அந்த ஏரியாவா?”
“பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு அங்க எப்படிம்மா?”
“காசு மிச்சம் பண்றதுக்கு உயிர அடகு வைக்காதீங்க.”
“வடசென்னை படம் பார்த்ததில்லையா நீ?”

அண்ணன் முறை ஒருவர் ஒரு படி மேலே போய், “கூடுவாஞ்சேரில 10,000க்கே கிடைக்கும். ரெண்டாயிரம் கம்மி. டீசன்ட் ஏரியா” என்று முடித்துவிட்டார். அந்தப் பெண் இரண்டு நாளாகக் குழுவில் எதுவும் எழுதவில்லை. என்னிடம் தனியாக, “பெரியம்மா, நான் தப்பு பண்றேனா?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதை உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களில் பல பேர் இதே கேள்வியோடு வீடு தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும்.

பாதுகாப்பா, கட்டுப்படியாகுமா என்று யோசிப்பது நியாயம்தான். பெண் குழந்தை வைத்திருக்கிறவர்கள் யோசிக்காமல் இருக்கக் கூடாது. ஆனால் அந்தக் குழுவில் ஒருவர்கூட பாதுகாப்பை அளந்து பார்க்கவில்லை. தெரு எது, விளக்கு எரிகிறதா, வீடு எந்த மாடி, தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று ஒரு கேள்வி வரவில்லை. பேட்டையின் பேரைக் கேட்டவுடனே மூக்கைச் சுளித்தார்கள். அந்தச் சுளிப்புக்குப் பாதுகாப்பு என்று பேர் வைத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் அங்கேதான்.

முப்பத்து நாலு வருஷம் நான் வடசென்னையில் பாடம் நடத்தியவள். ஆசிரியர் பயிற்சி டிப்ளமா வாங்கிய கையோடு வந்து சேர்ந்தவள். அந்தத் தெருக்களில் நடந்துதான் ஓய்வு பெற்றேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில், இந்தக் கெட்ட பேர் எங்கிருந்து வந்தது? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. திரு.வி.க. அந்தச் சங்கத்தில் பாடுபட்டவர். துறைமுகம், ரயில் பெட்டித் தொழிற்சாலை, பின்னி மில், அனல் மின் நிலையங்கள், மணலியின் சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூர்க் குப்பை மேடு எல்லாம் வடக்கேதான். ஊருக்கு வேண்டிய சரக்கு வடக்கே இறங்கியது, ஊருக்கு வேண்டாத புகையும் குப்பையும் வடக்கே போய்ச் சேர்ந்தன. 1996-ல் பின்னி மில் மூடியபோது எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை என் வகுப்பில் காலையில் மயங்கி விழுந்த பிள்ளைகளை வைத்தே நான் கணக்கெடுத்தேன்.

வேலை போன ஊரில் குடியும் அடிதடியும் வந்தன. வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்துப் பேரின் கதையை மட்டும் சினிமாக்காரர்கள் எடுத்தார்கள். ‘வடசென்னை’ 2018-ல் வந்த படம். அதைப் பார்த்துவிட்டு 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடத் தொடங்கிய ஊரில் வீடு எடுக்கலாமா என்று முடிவு செய்கிறீர்கள். மதுரையைப் பற்றி எத்தனை அரிவாள் படம் வந்திருக்கிறது? அதற்காக மதுரையில் சம்பந்தம் செய்யாமலா இருந்தீர்கள்?

கேரம் விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வாங்கி வந்த காசிமாவும் இந்த வடசென்னைப் பிள்ளைதான். இவர்கள் வளர்ந்த தெருவும் அதே தெருதான். அது உங்கள் நினைவுக்கு வருவதில்லை.

இந்தப் பேச்சு யாரைச் சுடுகிறது தெரியுமா? என்னிடம் படித்த ஒரு பையன் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது, “டீச்சர், வியாசர்பாடின்னு போடாம பெரம்பூர்னு போட்டுக்கட்டுமா?” என்று கேட்டான். இன்னொருத்தி வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கத் தவணைக் கடன் கேட்டாள். ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிறவள். பின்கோடைப் பார்த்துவிட்டு, “அந்த ஏரியாவுக்குக் கொடுக்கிறதில்லை” என்று சொல்லிவிட்டார்களாம். “ஏரியா சரியில்லை” என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் இரண்டு வார்த்தை, பத்துக் கை மாறி, ஒரு பிள்ளையின் வேலையிலும் கடனிலும் கல்யாணத்திலும் போய் நிற்கிறது.

இன்னும் ஒன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். யாருக்குச் சங்கடமானாலும் பரவாயில்லை. “டீசன்ட் ஏரியா” என்று நம் வீடுகளில் சொல்லும்போது பல சமயம் அதன் பொருள் “நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியா” என்பதுதான். சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சம், அதனால் ஏரியாவைக் கேட்கிறோம். திருட்டுப் பயத்துக்குப் பூட்டு வாங்கலாம். இந்தப் பயத்துக்கு எந்த வீடு மாறினாலும் மருந்து கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். கணக்கு வாத்தியாரம்மா கணக்கில்லாமல் பேசினால் உங்களுக்கும் பிடிக்காது.

நாடு முழுவதும் 2022-ல் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டு சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அதில் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். இரண்டும் அரசாங்கம் வெளியிட்ட எண்கள். இப்போது சொல்லுங்கள். “உயிர அடகு வைக்காதீங்க” என்று சொன்னவர்கள், தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே மாப்பிள்ளை வண்டி ஓட்டிக்கொண்டு வருவதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை? ரவுடியைப் பார்த்துப் பயப்படுகிற நாம், ஹெல்மெட் போடாமல் குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போக மட்டும் பயப்படுவதில்லை.

வண்டி வேண்டாம், மின்சார ரயிலில் வரட்டும். சீசன் டிக்கெட் மலிவு, ஒப்புக்கொள்கிறேன். கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை நிலையம் வரை ஒன்றேகால் மணி நேரம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், இறங்கி அலுவலகத்துக்கும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றே முக்கால். போக வர மூன்றரை மணி. மாதம் 24 வேலை நாளுக்கு 84 மணி நேரம். அதாவது முழுசாக மூன்றரை பகலும் இரவும் மாதாமாதம் ரயிலில். தண்டையார்பேட்டையில் ஏறினால் தியாகராயர் கல்லூரி, வண்ணாரப்பேட்டை, மண்ணடி, அடுத்தது உயர் நீதிமன்றம். நாலாவது ஸ்டேஷன். நடையும் சேர்த்துப் போக வர ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 24 மணி நேரம்.

மிச்சம் 60 மணி நேரம். இரண்டாயிரம் ரூபாய் குறைந்த வாடகைக்கு ஒரு தாயின் 60 மணி நேரத்தை விற்கச் சொல்கிறீர்கள். அந்த 60 மணி நேரம் குழந்தை யாரிடம் இருக்கும்? காப்பகத்துக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் விட வேண்டும்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள், ஏனென்றால் பெண் குழந்தையின் பாதுகாப்பைப் பற்றித்தானே எல்லாரும் கவலைப்பட்டீர்கள். நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், செய்தவன் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவன். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், குடும்ப நண்பன். வருஷா வருஷம் குற்ற ஆவணக் காப்பகம் இதைத்தான் சொல்கிறது. தெருமுனையில் லுங்கி கட்டி நிற்கிற பையனைப் பார்த்துத்தான் உங்களுக்குப் பயம். அவனைவிட, அம்மா அப்பா இல்லாத நேரத்தில் பூட்டிய கேட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. பெற்றோர் ஆறரைக்கு வீட்டுக்கு வருவதும் எட்டரைக்கு வருவதும் அந்தக் குழந்தைக்கு ஒன்றல்ல.

நெருக்கமான தெருவுக்கு ஒரு குணம் உண்டு. இரவு பத்து மணிக்கும் இட்லிக் கடை அம்மா அடுப்பை அணைத்திருக்க மாட்டார். வாசற்படியில் நாலு பாட்டி உட்கார்ந்திருப்பார்கள். அத்தோ வண்டிக்காரர் தட்டைத் தட்டிக்கொண்டிருப்பார். சிசிடிவி வருவதற்கு முன்னாலிருந்து அந்தத் தெருக்களைக் காத்தவர்கள் இவர்கள்தான். “யாரு வீட்டுக்கு வந்திருக்க?” என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். உங்களுக்கு அது தொல்லை. தனியாக வரும் பெண்ணுக்கு அது துணை. புதிதாக மனை போட்ட இடத்தில், விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த விளக்குக் கம்பத்துக்கும் நடுவே முள்செடி மட்டும் இருக்கும் தெருவில், கூப்பிட்டால் யார் வருவார்கள்?

இதற்காக வடசென்னை சொர்க்கம் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே ஆபத்துகள் உண்டு. நீங்கள் பயப்படுவது வேறு எதற்கோ என்பதுதான் என் வருத்தம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்தில் எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே மாதம்தான் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப்போனது. தண்டையார்பேட்டையிலேயே 2013 வாக்கில் எரிபொருள் குழாய்க் கசிவால் சில தெருக்களின் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புக் கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்த மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் போகவில்லை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் இன்னும் சாலையை அடைத்துக்கொண்டு போகின்றன. மழை என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையும் புளியந்தோப்பும் பட்டாளமும் தண்ணீரில் நிற்கும்.

குழுவில் யாராவது இதில் ஒன்றைச் சொன்னீர்களா? இல்லை. ரவுடி, ரவுடி என்றுதான் சொன்னீர்கள். ஆலைப் புகை உங்களுக்கு ஆபத்தாகவே தெரியவில்லை. ஏழைகள்தான் ஆபத்தாகத் தெரிந்தார்கள்.

வெள்ளத்திலும் அதே ஓரவஞ்சனைதான். 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிவரை தண்ணீர். வேளச்சேரியில் 2015-லும் தண்ணீர், 2023-லும் தண்ணீர். “வேளச்சேரியா? ஐயோ!” என்று யாராவது கேட்டீர்களா? கடன் வாங்கி அங்கே வீடு வாங்கினால் “வாழ்த்துகள்” என்று பூங்கொத்துப் படம் போடுகிறீர்கள்.

ஆகவே வீடு பார்க்கிற பிள்ளைகளே, மாறிக்கொண்டிருக்கும் பேட்டை எதுவானாலும், வடக்கோ தெற்கோ, இந்தப் பரீட்சையை வையுங்கள். பேட்டைக்கு மார்க் போடாதீர்கள், தெருவுக்கும் வீட்டுக்கும் போடுங்கள்.

1. மூன்று நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை ஏழு மணி, மாலை ஏழு மணி, சனிக்கிழமை இரவு பத்து மணி. புரோக்கர் காட்டுகிற பகல் பதினொரு மணியில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

2. ஸ்டேஷனிலிருந்து வீடு வரை வீட்டுப் பெண்மணி இரவில் நடந்து பார்க்கட்டும். எத்தனை விளக்கு எரிகிறது, எந்த இடத்தில் கடை இல்லை, டாஸ்மாக் வழியில் இருக்கிறதா என்று எண்ணுங்கள். டாஸ்மாக் கடையின் பின்சந்து வழியாகத்தான் வர வேண்டும் என்றால் அந்த வீடு வேண்டாம்.

3. பெட்டிக்கடைக்காரரிடமும் அயர்ன் வண்டிக்காரரிடமும் பேசுங்கள். “ஏரியா எப்படி?” என்று கேட்காதீர்கள். “2015-ல, 2023-ல தண்ணி எதுவரைக்கும் வந்தது?” என்று கேளுங்கள். சுவரில் கறை இருக்கும், காட்டுவார்கள்.

4. தரைத்தளம் என்றால் தெருவைவிட எத்தனை படி உயரம் என்று பாருங்கள். ரோட்டை மேல மேல போட்டு வீடு பள்ளமான தெருக்கள் ஏராளம்.

5. போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மூடி, ஒரு நாள் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மெட்ரோ தண்ணீர் குழாயில் வருகிறதா, லாரியில் வருகிறதா, சாக்கடை கலந்து வந்தது உண்டா என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

6. பழைய கட்டடம் என்றால் மாடிப்படியின் அடிப்பக்கத்தையும் பால்கனியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கம்பி தெரிந்தால் வாடகை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

7. குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ இழுப்பு, ஆஸ்துமா இருந்தால் ஆலைகளுக்கும் குப்பை மேட்டுக்கும் பக்கம் போகாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காக ஒரு பேட்டையை வேண்டாம் என்று சொல்லுங்கள், நானே கூட வந்து சொல்கிறேன்.

பணக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். வாடகையை மட்டும் பார்க்கக் கூடாது. வாடகை, தண்ணீர், மின்சாரம், பயணம், பிள்ளை பார்க்க ஆகும் செலவு, ஐந்தையும் கூட்டுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு உங்களிடம் முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது தெருமுனையில் நிற்கிற வீடு சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தது மாதிரி.

முன்பணம் என்று பத்து மாத வாடகை கேட்பது சென்னைப் பழக்கம். 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 12,000 வாடகைக்கு 36,000 எங்கே, 1,20,000 எங்கே? கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிப் பதிவு செய்யுங்கள். தகராறு என்று வந்தால் தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்த அதே சட்டத்தில் அனுமதி இல்லை.

கடைசியாக, மலிவு என்று புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ரோ வந்ததும் வாடகை ஏறுகிறது. நீங்கள் 12,000 கொடுக்கும் வீட்டில் முன்னால் 7,000 கொடுத்துக்கொண்டு ஒரு மீன்பாடி வண்டிக்காரர் குடும்பம் இருந்திருக்கலாம். அவர்கள் இப்போது இன்னும் வடக்கே, புகைக்கு இன்னும் பக்கத்தில் போயிருப்பார்கள். அதற்காக நீங்கள் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுப்படியாகிற வீடு உங்களுக்கும் வேண்டும். ஆனால் போன இடத்தில் “இவங்க” “அவங்க” என்று பேசாதீர்கள். புரோக்கர் கேட்கிற வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்து அடுத்த வீட்டுக்காரனுக்கும் ஆசை காட்டாதீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பாருங்கள். தெரு விளக்கு எரியவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு மட்டும் பல்பு போட்டுக்கொள்ளாமல், தெருவுக்காக மாநகராட்சியில் புகார் எழுதிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூடுதலாக வந்ததில் அந்தத் தெருவுக்கும் ஏதாவது லாபம் இருக்கட்டும். நாலு வீட்டோடு பேச்சு வைத்திருக்கிறவர்களுக்குத்தான் ராத்திரி ஒரு அவசரம் என்றால் கதவு திறக்கும்.

இந்தப் பதிவுக்குக் கீழே மறுத்து எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே நிபந்தனை. எந்தத் தெரு, எந்த நேரம், என்ன நடந்தது, மூன்றும் இருக்க வேண்டும். அப்படி எழுதினால் வீடு தேடுகிற நம் பிள்ளைகள் யாருக்காவது உதவும், நானும் நன்றி சொல்வேன். “அந்த ஏரியா சரியில்லை” என்று மட்டும் எழுதினால், பழைய வழக்கப்படி சிவப்பு மையில் சுழித்துவிட்டு மறுபடி எழுதி வரச் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்